பழகிய மின்சாரக் காருக்கு நீட்டித்த வாரண்டி வாங்கலாமா?

ஒளூவின் ஃபர்ளுகளையும் தொழுகையின் ஷர்த்துகளையும் ஆலிம்களிடம் கேட்டறிவதில் நம் ஜமாஅத்தார் குறை வைப்பதில்லை. கொடுக்கல் வாங்கலிலோ நிலைமை வேறு. பணத்தைக் கட்டி, கையெழுத்தும் போட்டு முடித்த பின்னரே, "ஹஜ்ரத், இது கூடுமா?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே மிகுந்து காணப்படுகிறது. கேட்க வேண்டிய நேரம் கையெழுத்திற்கு முந்தியதாகும்.

மின்சாரக் கார் வைத்திருக்கும் சகோதரர்கள் பலர் முன்னே நிற்கும் ஒரு பிரச்சினையை இங்கே எடுத்துக் கொள்வோம். கார் வாங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கம்பெனி கொடுத்த பொது வாரண்டி முடியும் தறுவாயில் இருக்கிறது. "இன்ன தொகை கட்டினால் இன்னும் இரண்டாண்டுக்கு நீட்டித்துத் தருகிறோம்" என்று அழைப்பு வருகிறது. பாட்டரி கெட்டுவிட்டால் பல லட்சம் ஆகுமே என்ற அச்சம் ஒருபுறம். அப்படியொரு ஒப்பந்தம் மார்க்கத்தில் கூடுமா என்ற தயக்கம் மறுபுறம். இவை இரண்டு கேள்விகள். ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே ஆராய்ந்தால் விடை தெளிவாகும், இன்ஷா அல்லாஹ்.

விற்றவரின் பொறுப்பு

விற்ற பொருளுக்கு விற்றவர் பொறுப்பேற்பது இக்காலத்துக் கம்பெனிகள் கண்டுபிடித்த புதுமையன்று. வாங்கிய பொருளில் முன்பே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், அதைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதனைக் கியாருல் ஐப் என்று ஃபிக்ஹுக் கிதாபுகள் விரிவாகப் பேசுகின்றன. கால வரையறையுள்ள பொறுப்புக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. அடிமை வியாபாரம் நடந்த அக்காலத்தில், விற்ற மூன்று நாள்களுக்குள் வெளிப்படும் எக்குறைக்கும், ஓராண்டுக்குள் வெளிப்படும் பைத்தியம், குஷ்டம் போன்றவற்றுக்கும் விற்றவரே பொறுப்பு என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இதற்கு உஹ்தா என்று பெயர். மற்ற இமாம்கள் இதை ஏற்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

விற்பனையோடு சேர்ந்த நிபந்தனையைப் பொறுத்தும் மத்ஹபுகளிடையே விரிந்த ஆராய்ச்சி உண்டு. ஜாபிர் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்களுக்கு விற்றபோது, மதீனா வரை அதன்மீது தாமே ஏறி வருவதாகப் பேசிக்கொண்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஹன்பலீ மத்ஹபினர் அதை ஆதாரமாகக் கொள்வர். ஹனஃபீ மத்ஹபினரோ, செருப்பை வாங்குகிறவர் அதில் வாரைப் பொருத்தித் தர வேண்டுமென்று நிபந்தனை விதிப்பதை, ஊர் வழக்கத்தின் காரணமாக அனுமதிக்கின்றனர்.

ஆகவே காரின் விலையோடு சேர்ந்து வரும் கம்பெனி வாரண்டியில் நாம் குழம்ப வேண்டியதில்லை. 1998ல் பஹ்ரைன் நாட்டின் மனாமாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், குறிப்பிட்ட காலத்துக்குப் பராமரித்துத் தருவது விற்பனையின் நிபந்தனையாக இருந்தால் அது கூடும் என்றே கூறியுள்ளது.

தனியே விலை கொடுத்து வாங்குவது

சில ஆண்டுகள் கழித்துத் தனியே பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு இதனின்றும் வேறுபட்டது. விற்பனை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது கட்டும் பணத்துக்கு ஈடாக நாம் பெறுவது பொருளா, வேலையா, வெறும் வாக்குறுதியா என்று பார்க்க வேண்டும்.

ஆண்டுக்கு இத்தனை முறை வண்டியைச் சோதித்து, இன்னின்ன வேலைகளைச் செய்து தருவோம் என்றிருந்தால் அது கூலிக்கு வேலை வாங்குவதாகும். வேலையும் தெரியும், கூலியும் தெரியும். அதே அகாடமி இவ்வகையையும் அனுமதித்துள்ளது. "பழுது வந்தால் செய்வோம், வராவிட்டால் பணம் எங்களுக்கு" என்றிருந்தாலோ, பணம் நிச்சயம், பதிலுக்குக் கிடைப்பது நிச்சயமில்லை. நிச்சயமற்ற பேரத்தை, அதாவது கரரை, நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. இன்னும் கடமையாகாத ஒன்றுக்குப் பொறுப்பேற்கும் ளமான் செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. லாப நோக்குள்ள இன்ஷூரன்ஸ் கூடாதென்றும், கூட்டுறவு முறையில் ஒருவருக்கொருவர் உதவும் ஏற்பாடு கூடுமென்றும் 1985ல் ஜித்தாவில் கூடிய அந்த அகாடமி முடிவு செய்தது. தனியே விற்கப்படும் வாரண்டியை இக்கால உலமாக்களில் ஒரு சாரார் இன்ஷூரன்ஸ் வகையிலேயே சேர்க்கின்றனர். காரைத் தயாரித்தவரே தருவதாயின், அது முதல் விற்பனையின் தொடர்ச்சி என்று இலேசாக்குவோரும் உண்டு. கருத்து வேறுபாடுள்ள இவ்விடத்தில் விலகி நிற்பதே பேணுதலாகும்.

பழைய காரை ஒரு வியாபாரியிடம் வாங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. வாரண்டிக்கென்று தனித் தொகை கட்டாமல், "ஓராண்டுப் பொறுப்போடு இந்தக் கார் இன்ன விலை" என்று ஒரே விலையாகப் பேசி எழுதி வாங்கினால், அது விற்பனையின் நிபந்தனையாகி விடுகிறது.

அச்சம் எதன் மீது?

இனி இரண்டாவது கேள்வி. கூடும் என்போரின் சொல்லையே எடுத்துக்கொண்டாலும், அந்தப் பணத்தால் உண்மையில் பயன் உண்டா?

மின்சாரக் காரின் விலையில் பெரும் பங்கு பாட்டரியினுடையது. எல்லோரும் அஞ்சுவதும் அதற்கே. ஆனால் பாட்டரிக்குக் கம்பெனிகள் தொடக்கத்திலேயே தனி வாரண்டி தருகின்றன. நம் நாட்டில் 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரை உதாரணமாகக் கொள்வோம். அதன் பாட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி உண்டு. 2020ல் பதிவான காருக்கு 2028 வரை இது செல்லும். பொது வாரண்டியோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே முடிந்துவிடும். முடிந்தது பொது வாரண்டிதான். அதைப் பாட்டரி வாரண்டியே முடிந்ததாக எண்ணி அஞ்சுவோர் பலர்.

"எது முந்துகிறதோ" என்ற சொல்லையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓட்டுகிறவருக்கு ஆண்டில் 18,000 கிலோமீட்டர் ஆகும். எட்டாண்டில் 1,44,000தான். அவருக்கு முழுக் காலமும் உண்டு. வாடகைக்கு விட்டு ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கோ 5 ஆண்டு 4 மாதத்தில் எல்லை வந்துவிடும்.

அடுத்தது முக்கியமான விஷயம். பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு ஒப்பந்தங்கள் பலவற்றில் பெரிய பாட்டரி சேர்க்கப்படுவதே இல்லை. சேர்க்கப்பட்டிருந்தாலும், வயதாக ஆகக் கொள்ளளவு குறைவதைப் பழுதாகக் கருதாமல் இயல்பான தேய்மானம் என்றே எழுதியிருப்பார்கள். கம்பெனியின் சொந்தப் பாட்டரி வாரண்டிகளிலும், குறிப்பிட்ட காலத்துக்குள் கொள்ளளவு சுமார் 70 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால்தான் பொறுப்பு என்பது பொதுவான அளவு. அப்படியானால் எதற்கு அஞ்சிப் பணம் கட்டினோமோ, அது அந்தத் தாளில் இல்லாமலே போகக்கூடும்.

எழுதியிருப்பதே செல்லும்

வாரண்டியின் எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு நிஸ்ஸான் லீஃப் காரின் வரலாறு ஒரு பாடமாகும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த அக்காரின் பாட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லை. கடும் வெயிலடிக்கும் அரிஜோனா மாநிலத்தில் 2012 வாக்கில் பாட்டரியின் கொள்ளளவு விரைந்து குறைவதாகப் புகார்கள் எழுந்தன. கொள்ளளவு குறைவது அப்போதைய வாரண்டியில் அடங்கவில்லை. பின்னர் 2013ல்தான், அளவுகாட்டியின் 12 கோடுகளில் 9க்குக் கீழே போனால் 5 ஆண்டு அல்லது 60,000 மைல் வரை பொறுப்பேற்பதாகக் கம்பெனி விரிவாக்கியது. பாட்டரி கெடாமலே அதன் பயன் குறையலாம் என்பதையும், எழுத்தில் இல்லாததை எதிர்பார்க்க முடியாது என்பதையும் இதிலிருந்து அறியலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா சூராவில் அல்லாஹு தஆலா நமக்குக் கட்டளையிட்டிருப்பதன் ஹிக்மத்தும் இத்தகைய இடங்களில் விளங்குகிறது.

ஆகவே தாளைக் கையில் வாங்கி இவற்றைப் பார்க்க வேண்டும்: பாட்டரி, மோட்டார், காரினுள்ளே இருக்கும் சார்ஜர், மின்சாரத்தால் ஓடும் ஏ.சி. கம்ப்ரஸர் ஆகிய ஒவ்வொன்றின் பெயரும் அதில் உண்டா? பொறுப்பேற்பது காரைத் தயாரித்தவரா, வேறொரு கம்பெனியா? கார் கைமாறினால் புதியவருக்கும் செல்லுமா? ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு உண்டா? வெளியே பழுது பார்த்தால் வாரண்டி முறியுமா? கைமாறும் விஷயத்தை இலேசாக எண்ணிவிடக் கூடாது. 2025ல் டாட்டா கம்பெனி சில மாடல்களின் பாட்டரிக்கு அறிவித்த 15 ஆண்டு வாரண்டி முதல் உரிமையாளருக்கே உரியது.

வெள்ளத்தில் மூழ்கினால் வாரண்டி காக்கும் என்று எண்ணுவதும் தவறு. 2023 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்தது போன்ற வெள்ளத்தால் நேரும் சேதம் வெளிக்காரணமாகும். வாரண்டி என்பது உற்பத்திக் குறைக்கு உரியது.

கணக்குப் பார்ப்போம்

நீட்டிப்பை விற்கிறவர், எல்லோரிடமும் வசூலிக்கும் தொகை பழுது பார்க்கச் செலவாவதை விடக் கூடுதலாக இருந்தால்தான் தொழில் நடத்த முடியும். எனவே சராசரியாகப் பார்த்தால் கட்டுகிறவர் பெறுவது கட்டியதைவிடக் குறைவே. தாங்கவே முடியாத நஷ்டத்தைத் தடுப்பதற்கு மட்டுமே அவ்வாறு கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தமிருக்கும். அந்தப் பெரிய நஷ்டம் பாட்டரியால் வருவது. அது பழைய வாரண்டியில் இன்னும் இருந்தால் இரண்டாவது தாள் வேண்டாம். புதிய தாளில் இல்லவே இல்லை என்றாலும் அந்தத் தாள் வேண்டாம். எஞ்சுவனவற்றில் 12 வோல்ட் சிறிய பாட்டரி, சஸ்பென்ஷன் புஷ், டயர் போன்றவையும் உண்டு. இவற்றில் பல தேய்மானம் என்ற பெயரால் எப்படியும் விலக்கப்படும்.

ஓர் உதாரணம் சொல்வோம். இரண்டாண்டு நீட்டிப்புக்கு 30,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை மாதம் 1,250 ரூபாயாக வீட்டிலேயே தனியே எடுத்து வைத்தால், பழுது வந்தால் அதற்கு உதவும். வராவிட்டால் 30,000 ரூபாயும் நம்முடையதே. இதில் கரரும் இல்லை, கருத்து வேறுபாடும் இல்லை. ஆனால் ஒன்று, எடுத்து வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு எடுத்து வைக்காமல் இருந்தால் இந்த யோசனையால் பயன் இல்லை. குடும்பத்தின் வருமானமே அந்தக் காரை நம்பியிருந்தால், முதல் மாதத்திலேயே சற்றுப் பெரிய தொகையை ஒதுக்கிவிடுவது நல்லது.

ஒட்டகத்தைக் கட்டுவது

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது திர்மிதியில் வருகிறது. மின்சாரக் காரில் கட்டுவது என்றால் பாட்டரியைப் பேணுவதாகும். அதற்குப் பெரும் பகை சூடு. நிழலில் நிறுத்துவதும், ஓடிச் சூடான உடனே வேகச் சார்ஜ் ஏற்றுவதைக் குறைப்பதும், நீண்ட நாள் ஓட்டாதபோது முழுச் சார்ஜிலோ வெறுமையாகவோ விட்டுவைக்காதிருப்பதும் அதன் ஆயுளை நீட்டும்.

பாட்டரி வாரண்டி முடியுமுன் சர்வீஸ் நிலையத்தில் அதன் கொள்ளளவு எத்தனை சதவிகிதம் இருக்கிறது என்று சோதித்து, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டிலும் தோராயமாகப் பார்க்கலாம். 30.2 யூனிட் பாட்டரியில் 20 சதவிகிதத்திலிருந்து முழுமைக்கு ஏற்றினால் உள்ளே போவது சுமார் 24 யூனிட். ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து மீட்டரில் 27 அளவுக்கு ஓட வேண்டும். 20 யூனிட்டிலேயே நிறைந்துவிட்டால் பாட்டரி வெகுவாகத் தேய்ந்துள்ளது என்று அறிந்து, காலம் இருக்கும்போதே கம்பெனியிடம் உரிமையைக் கேட்க வேண்டும். கேட்பது நம் ஹக்காகும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சோதனையில் குறை தெரிந்த பின் காரை விற்க எண்ணுகிறவர், அக்குறையை வாங்குகிறவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்து விற்பது மோசடியாகும். நமக்கு வாரண்டி தந்தவன் ஏமாற்றிவிடக் கூடாதே என்று நுணுகிப் பார்க்கும் நாம், நம்மிடம் வாங்குகிறவருக்கும் அதே நேர்மையைக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

சுருங்கக் கூறின்: பாட்டரி வாரண்டி காலம் மீதமிருந்தால் தனி நீட்டிப்பு தேவையில்லை. மீதமில்லாவிட்டால், புதிய தாளில் பாட்டரியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அத்தோடு விட்டுவிடலாம். இருந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள விவரமறிந்த ஆலிமிடம் சென்று காட்டி, அதன் பின்னரே கையெழுத்திட வேண்டும். நம் பொருளையும் தீனையும் ஒருசேரப் பாதுகாத்துக்கொள்ளும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.