இயன்முறை சிகிச்சைக்குப் பரிந்துரைச் சீட்டு வேண்டுமா?

கேள்வி: மருத்துவர் சீட்டு இல்லாமல் இயன்முறை சிகிச்சை பெறலாமா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அதற்குச் செல்லுமா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: பயிற்சி, மின்தூண்டல் முதலியவற்றால் உடலின் அசைவை மீட்டுத் தரும் இயன்முறை சிகிச்சையில் பட்டம் பெற்றவர், தனித்தோ குழுவில் ஒருவராகவோ தொழில் செய்யலாம் என்று மருத்துவம் சார்ந்த துறைகளுக்கான 2021ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் வரையறுப்பதால், அவரை நேரடியாக அணுக இடமுண்டு. காப்பீட்டின் கணக்கு வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கே பணம் செலுத்துவதால், நடவு வயலில் பிடித்துக்கொண்ட இடுப்புவலிக்குத் தனியார் நிலையத்தை நாடுபவர் கைக்காசையே செலவிட நேரும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் தமிழக அரசுத் திட்டம், பக்கவாதத்தால் முடங்கியோரின் வீட்டுக்கே இச்சிகிச்சையைக் கொண்டுசெல்வதால், இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. எனினும், வலியோடு கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடங்காவிட்டாலோ முதலில் மருத்துவரைக் காண்பதே முறை.