கப்பலில் ஏறலாமா?

கேள்வி: வயதான பெற்றோருடன் சொகுசுக் கப்பலில் போக ஆசை. இப்போது முன்பதிவு செய்யலாமா?
– வாசகி, குமுளி (ஜனவரி 2022)

பதில்: கொஞ்சம் பொறுங்கள், அம்மா. இந்த மாதத் தொடக்கத்தில் மும்பையிலிருந்து கோவா போன கார்டிலியா கப்பலில் ஊழியர் ஒருவருக்குக் கொரோனா தொற்று இருப்பது தெரிந்தது. சுமார் 2,000 பேரைப் பரிசோதித்ததில் 66 பேருக்குக் கொரோனா. கப்பல் மும்பைக்கே திரும்பியது.

கொரோனா இல்லை என்ற சான்றிதழ் இருந்தால் போதும் என்று எண்ணாதீர்கள். குமுளி எல்லைச் சோதனைச் சாவடியில் நீட்டுகிறோமே, 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றிதழ், அது சளி மாதிரி எடுத்த நாளின் நிலையைத்தான் சொல்லும்; முந்தின நாள் தொற்றியதைக் காட்டாமல் போகலாம். சாவடியில் தடுத்தால் வீடு திரும்பலாம். நடுக்கடலில் அறைக்குள்தான் அடைபட வேண்டும். பெற்றோரை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

போயே தீருவதென்றால், பயணம் ரத்தானால் பணம் வருமா, தனிமைப்படுத்தும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.