பழைய பெரிய கம்ப்ரசருக்கு எந்த மோட்டார்?

தேவாரம், போடி வட்டாரத்தில் ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கும் விசைத்தெளிப்பானை வீட்டுக் கொட்டகையிலேயே பழுது பார்த்துக்கொள்ளும் விவசாயிகள் உண்டு. கார்புரேட்டர் அடைப்பை ஊதவும் டயருக்குக் காற்றடிக்கவும் கம்ப்ரசர் தேவை. கிணற்றுக்கு நீர்மூழ்கி மோட்டார் போட்டவர்கள், போர்வெல்லில் ஓட்டிய பழைய கம்ப்ரசரை விற்கும்போது விலை மலிவாக இருக்கும். ஆனால் அதை ஓட்டும் வழியை யோசித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

வீட்டின் ஒருமுனை இணைப்பில் 3 குதிரைசக்தி மோட்டாரே சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். அதற்குமேல் மும்முனை மின்சாரம்தான். தோட்டத்து பம்புசெட் இணைப்பு இருக்கிறதே என்று சிலர் நினைப்பர். அது கூடாது. 1990 முதல் கட்டணமில்லாத அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே. வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவுப்படி இரு மடங்கு கட்டணம் விதிப்பார்கள். பட்டறைக்குத் தனி இணைப்புக்கு மனுச் செய்வதே சரி.

கம்ப்ரசர் தகட்டில் 10 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 900 சுற்று என்று இருக்கிறது. கையில் இருப்பதோ 7.5 குதிரைசக்தி மோட்டார். இதற்காகப் புது மோட்டார் வாங்க வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்தால் அதே அளவில் சுமையும் குறையும். முக்கால் வேகம் என்றால் 675 சுற்று. கம்ப்ரசர் சக்கரம் 20 அங்குலம், மோட்டார் 1440 சுற்று என்றால், 20-ஐ 675-ஆல் பெருக்கி 1440-ஆல் வகுக்க வேண்டும். விடை 9.4 அங்குலம், மோட்டாருக்கு 9¼ அங்குலப் புல்லி போதும். காற்றும் முக்கால் பங்குதான் வரும். டாங்கி நிரம்பச் சற்றுக் காத்திருக்கலாம். ஒன்று கவனிக்கவும்: பல கம்ப்ரசர்களில் எண்ணெய் தெறித்துத்தான் உறுப்புகளுக்குப் போகிறது. தயாரிப்பாளர் குறித்த குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போனால் எண்ணெய் எட்டாமல் பிஸ்டன் தேயும்.

நேரடியாக ஸ்விட்சைப் போட்டால், கிளம்பும்போது வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் அதை மூன்றில் ஒரு பங்காக்கும். கிளம்பும் முறுக்குவிசையும் மூன்றில் ஒன்றாகிவிடும். ஆகவே மோட்டார் நிற்கும்போது ஹெட்டிலுள்ள காற்றை வெளியேற்றும் அன்லோடர் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். அது பழுதென்றால் மோட்டார் உறுமி நின்றுவிடும். இருமுனை மின்சாரம் வரும் நேரத்தில் கண்டென்சர் போட்டு ஓட்டும் பழக்கம் பம்புக்கே ஆபத்து. கம்ப்ரசருக்கு அறவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட டாங்கிதான் பயமுறுத்துவது. அடியில் தேங்கிய தண்ணீர் உட்புறமாகத் துருவேற்றியிருக்கும். வெளியே புதுப் பெயிண்ட் மின்னும். காற்றைப் போட்டுச் சோதிக்கக் கூடாது, வெடித்தால் ஆள் மிஞ்சமாட்டார். டாங்கியில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பினால் வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 10 கிலோவுக்கு 15 கிலோ ஏற்றி, அனுபவமுள்ளவரைக் கொண்டு பார்க்க வேண்டும். கசிந்தால் வெல்டிங் வைத்து ஒட்டாமல் டாங்கியை மாற்றுங்கள். பாதுகாப்பு வால்வு புதிதாகவே இருக்கட்டும். வேலை முடிந்ததும் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடவும்.