தபாலில் தொலைந்த பொருளுக்கு யார் பொறுப்பு?

பழைய கைப்பேசியைக் கொடுத்து, மீதியைப் பணமாகச் செலுத்திப் புதியதை வாங்கும் வழக்கம் நம் இல்லங்களில் பரவியிருக்கிறது. பழையதைத் தபாலிலோ கூரியரிலோ கடைக்கு அனுப்புகிறோம். அது வழியில் தொலைந்தால் நட்டம் யாரைச் சேரும்? இது வெறும் பண விவகாரமன்று. பொறுப்பில்லாதவரிடம் ஈடு வாங்குவது, திருக்குர்ஆன் (4:29) விலக்கியபடி, பிறர் பொருளை முறையின்றி உண்பதாகிவிடும்.

ஓர் உதாரணம் கொண்டு விளங்குவோம். விழுப்புரத்துக் கடைக்காரர் ஒருவர் புதிய கைப்பேசியை விற்கிறார். 8,000 ரூபாயும், 4,000 ரூபாயாக மதித்த பழைய கைப்பேசியும் அதன் விலை. திண்டிவனத்துக்காரர் பணத்தைச் செலுத்திப் புதியதைப் பெற்றுக்கொண்டார். அவர் அனுப்பிய பழையதோ போய்ச் சேரவில்லை.

வியாபாரத்தில் குறிப்பிட்ட ஒரு பொருள், பெற வேண்டியவரின் கைவசம் (கப்ள்) சேருமுன் அழிந்தால், நட்டம் கொடுக்க வேண்டியவரையே சாரும். ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டிலும் இதுவே அடிப்படை. ஆகவே நாம் பார்க்க வேண்டியது, பொருள் தொலைந்தபோது அது யாருடைய கையில் இருந்தது என்பதே.

திண்டிவனத்துக்காரர் தாமே கூரியரைத் தேர்ந்து அனுப்பியிருந்தால், கூரியர் அவருடைய வகீல். பொருள் இன்னும் அவர் பொறுப்பிலேயே உள்ளது. பழையதற்கு ஈடான பங்கில் வியாபாரம் முறிந்துவிடும். இரு தரப்பும் இசைந்து 4,000 ரூபாயைப் பணமாகக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். கடைக்காரர் தம் ஆளை அனுப்பி எடுத்துச் சென்றிருந்தாலோ, அந்த ஆளின் கை கடைக்காரரின் கை. நட்டமும் அவருடையதே, திண்டிவனத்துக்காரரிடம் ஒரு காசும் கேட்கலாகாது.

சுமந்து சென்றவரின் நிலை என்ன? கவனக்குறைவோ வரம்புமீறலோ இருந்தால் அவர் ஈடு தர வேண்டும். அவை இல்லையெனில் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி அவர் அமானிதக்காரர், ஈடில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல்லும் இதற்கு நெருங்கியதே. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும், பெருந்தீ போன்ற தவிர்க்க முடியாத காரணமில்லையெனில் பலருக்கும் கூலிக்கு உழைப்பவர் ஈடு தர வேண்டும் என்றார்கள்.

நாட்டுச் சட்டத்தையும் அறிந்திருப்போம். 2024 ஜூன் 18 முதல் நடப்புக்கு வந்த 2023ஆம் ஆண்டு அஞ்சல் அலுவலகச் சட்டப்படி, விதிகளில் வகுத்த அளவுக்கு மேல் அஞ்சல் துறைக்குப் பொறுப்பில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமோ, பொருளை அனுப்பிவைக்க விற்பவருக்கு அனுமதி இருந்தால், சுமப்பவரிடம் ஒப்படைத்ததையே, மாறான ஆதாரம் இல்லாதவரை, பெறுபவரிடம் ஒப்படைத்ததாகக் கொள்கிறது. ஆகவே நீதிமன்றத்தில் வெல்லக்கூடிய வழக்கு, மார்க்கத்தில் நமக்கு உரிமையில்லாததாக இருக்கலாம். ஈமானுள்ளவர் இந்த இடத்தில்தான் நிதானிக்க வேண்டும்.

எனவே அனுப்புமுன்பே, யார் ஆள் வந்து எடுப்பது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி திருக்குர்ஆன் (2:282) கட்டளையிடுவது இத்தகைய சச்சரவைத் தவிர்க்கவே. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பொருளின் மதிப்பைக் கூட்டியோ குறைத்தோ எழுதாதீர்கள்.

தொலைந்த பொருளுக்கு ஈடு கிடைக்கலாம். பிறர் உரிமையைப் பறித்ததற்கு மறுமையில் நன்மைகளையே ஈடாகத் தர நேரும். அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக!