பட்டாளம் தந்த குரல்

படையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பும் இளைஞர்கள் (நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிடுகிறவர்களை வேறு எப்படி அழைப்பது?) பேரணாம்பட்டில் என்னைத் தேடி வந்து, குரல் கொடுக்கும் தொழிலில் நுழைவது எப்படி, கவிதை எழுத எங்கே பயின்றீர்கள் என்று வினவும் போதெல்லாம், இவ்விரண்டுக்கும் வேண்டிய மூலதனத்தில் பெரும்பகுதியை நீங்கள் பட்டாளத்திலேயே ஈட்டிவிட்டீர்கள் என்றுதான் நான் முதலில் சொல்வது வழக்கம். வேலூர் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் உண்டு; கம்மவான்பேட்டைக்கு இராணுவப்பேட்டை என்றே பெயர் வழங்குகிறது. அங்கெல்லாம் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் வங்கி வாசலிலோ தோல் தொழிற்சாலை வாசலிலோ காவலுக்கு அமர்கிறார்கள். கண்ணியமான உத்தியோகந்தான், ஆயினும் அரசாங்கம் செலவு செய்து பழக்கிய ஒரு குரல் அங்கே வாய் திறவாமலே மங்கிப்போவது எனக்குப் பெரும் வருத்தம்.

நான் சிக்னல் படையைச் சேர்ந்தவன். ஜபல்பூரில் வயர்லெஸ்ஸில் பேசுவதற்கு எங்களுக்குக் கற்பித்த நியமங்கள் நான்கு: லயம், வேகம், ஒலியளவு, சுருதி. வாக்கியத்தைப் பொருள் கெடாத துண்டுகளாகப் பிரித்துச் சொல்ல வேண்டும், எழுதிக்கொள்கிறவனுடைய கை ஓடும் வேகத்தை மிஞ்சலாகாது, கத்தலாகாது, இரைச்சலை ஊடுருவும் பொருட்டுச் சாதாரணப் பேச்சைக் காட்டிலும் சுருதியைச் சற்றே உயர்த்த வேண்டும். இவை பேசுகிறவனை அழகாகக் காட்டுவதற்காக ஏற்பட்டவை அல்ல. முகம் தெரியாத ஒருவன், எங்கோ ஒரு பதுங்குகுழியில், ஒரு சொல்லையும் பிழையாக விளங்கிக்கொள்ளாதிருக்க ஏற்பட்டவை. பின்னாளில் ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்குக் கைகொடுத்தது, ‘கேட்கிறவனே முக்கியம்’ என்ற இந்தச் சிட்சைதான்.

அணிவகுப்பு மைதானம் கொடுத்தது மூச்சு. ‘பரேட்’ என்று நீட்டி, ஒரு கணம் நிறுத்தி, ‘சாவ்தான்’ என்று வெட்டி முடிக்கும் ஹவில்தாருடைய குரல் தொண்டையிலிருந்து எழுவதில்லை, அடிவயிற்றிலிருந்து எழுகிறது. தொண்டையிலிருந்து எழுந்தால் ஒரு வாரத்தில் கம்மிவிடும். அந்த மூச்சை அப்படியே வைத்துக்கொண்டு ஓசையை மட்டும் தணித்துப் பேசுவதே பட்டாளத்தான் புதிதாகப் பயில வேண்டிய வித்தை. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி போதும். ‘ப’ வரும் இடத்தில் முகத்தை இம்மியளவு பக்கவாட்டில் திருப்பினால் காற்று மைக்கில் மோதாது. டப்பிங்கில் திரையிலே உதடு மூடும் இடத்தில் நம் வசனத்திலும் ‘ப’வோ ‘ம’வோ விழ வேண்டும், மற்ற எழுத்துகள் முன்பின்னாக இருந்தாலும் கண் மன்னித்துவிடும், உதடு திறந்திருக்கையில் ‘ம்’ கேட்டால் மன்னிக்காது. வீட்டில் பழகுவதற்குத் தனி அறை கட்ட வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலை டிரம்களின் உறுமல் அடங்கியிருக்கும் நள்ளிரவுக்குப் பிந்திய வேளையில், கொண்டுவந்த பட்டாளத்துக் கம்பளிகளை மூன்று சுவர்களிலும் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கிவிடும்.

கவிதையை எனக்குக் கற்பித்தவை இன்லேண்ட் கடிதமும் லடாக்கும். அங்கிருந்து எழுதும் கடிதத்தில் முகவரிக்குப் பதில் ஏ.பி.ஓ. (இராணுவ அஞ்சலகம்) எண் மட்டுமே எழுதலாம்; இருக்கும் இடத்தையோ செய்யும் பணியையோ குறிப்பிடலாகாது. எழுதத் தயங்கும் தோழர்களுக்கு நான் கடிதம் எழுதிக் கொடுத்து வந்தேன். மலையின் பெயரைச் சொல்லாமல் மலையை மனைவிக்குக் காட்டவேண்டிய நிர்ப்பந்தத்தில், துவைத்துப் போட்ட சட்டை பலகையாக விறைத்து நிற்பதையும், முட்டை கல்லாகிவிடுவதையும் எழுதினோம். பனி என்றும் குளிர் என்றும் எழுதுவதைவிட அது நன்றாகப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பதில் கடிதங்களால் அறிந்தேன். அதுவன்றி, பதினைந்தாயிரம் அடி உயரத்தில் ஒரு மூச்சுக்கு நாலைந்து சொற்களே கிட்டும்; எந்தச் சொல்லை விடுவது, எதை முன்னே வைப்பது என்று நெஞ்சே தீர்மானித்துவிடும். என் கவிதையின் அடிகள் இன்றும் அந்த அளவிலேயே ஒடிகின்றன. பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுடைய வஞ்சினப் பாட்டு புறநானூற்றில் இருக்கிறதல்லவா? போரையும் பாட்டையும் ஒருவனே கையாள்வது நம் மரபில் பழைய வழக்கம்.

எழுதியதைச் சபையில் சொல்லும் முறையை எங்கள் தோல் சீமையின் முஷாயிராக்களிலே, அதாவது உருதுக் கவியரங்குகளிலே, பார்த்தேன். உருதுக் கவிஞர் முதலடியைச் சொல்லி நிறுத்துவார். சபை ‘முகர்ரர்’ என்று மீண்டும் கேட்கும். அவர் அதே அடியை வேறு சொல்லில் அழுத்தம் கொடுத்துத் திரும்பச் சொல்வார். அதன் பின்னரே இரண்டாம் அடி பிறக்கும். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் போதித்த கவிக்கோ அப்துல் ரகுமான் அங்கே ஒலிக்கும் கஜல் என்னும் உருதுப் பாவகையின் சுவையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அவருடைய ‘ஆலாபனை’ 1999-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. வசனம் படிக்க விரும்புகிறவர்கள் ஒரு முஷாயிராவிலாவது, மொழி புரியாவிட்டாலும், போய் அமரவேண்டும்.

கவிதையும் பட்டாளமும் குரலும் ஒருவரிடமே கூடியதற்கு உதாரணமாக, அமெரிக்காவில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்பவர் இருந்தார். பிள்ளைப் பருவத்துத் திக்குவாயினால் ஏறக்குறைய எட்டாண்டுகள் பேச்சையே தவிர்த்தவர். பள்ளி ஆசிரியர் டொனால்டு கிரவுச், பையன் தானே எழுதிய கவிதையை வகுப்பின் முன் சொல்லும்படி செய்தார், சொன்னபோது திக்கவில்லை. பின்னர் ஜோன்ஸ் இராணுவ அதிகாரியாகப் பணியாற்றி, நாடகம் பயின்று, 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடருக்கும் 1994-இல் ‘லயன் கிங்’ படத்தில் முஃபாஸாவுக்கும் குரலானார். திக்குகிற தோழர்கள் என்னிடம் வந்தால் இந்தக் கதையைச் சொல்லி, சொந்தமாக நாலு வரி எழுதிவந்து உரக்கப் படிக்கச் சொல்கிறேன். பிறருடைய வரியில் இடறுகிற நாக்கு, தன் வரியில் அவ்வளவாக இடறுவதில்லை என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

வருகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். பென்ஷன் கையில் இருப்பதால் முதல் ஓரிரண்டு ஆண்டுகள் வருமானத்தை எதிர்பாராமல் இதில் உழைக்க உங்களால் முடியும். மற்றவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தினந்தோறும் நாளிதழின் தலையங்கத்தை உரக்கப் படித்து, செல்போனில் பதிந்து, மறுநாள் கேளுங்கள். பல ஆண்டு இந்தி பேசியதால் ழகரமும் ளகரமும் மழுங்கியிருக்கும். முதலில் அவற்றைச் செப்பனிடுங்கள். அதன் பிறகு வானொலி நாடகத்துக்கான குரல் தேர்வுக்கு விண்ணப்பம் எழுதலாம்; எழுதிய விண்ணப்பத்தை எடுத்துவந்தால், அனுப்புமுன் நானும் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.