குட்டி யானைக்குச் சின்னச் செலவு

2005ஆம் ஆண்டு டாட்டா ஏஸ் என்ற சிறு சரக்கு வண்டி விற்பனைக்கு வந்தது. இந்தியில் அதைச் 'சோட்டா ஹாத்தி' என்பார்கள். நாம் 'குட்டி யானை' என்கிறோம். பலருக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. சின்னச் செலவில் அதைச் சீர் செய்யலாம்.

சுமை ஏற்றும் தகரத் தளத்தில் துரு இருக்கிறதா? உப்புத்தாளால் தேயுங்கள். துடைத்து ரெட் ஆக்சைடு பூசுங்கள். காய்ந்ததும் பெயிண்ட் அடியுங்கள். மேலே ரப்பர் விரிப்பு போடுங்கள். சுமை வழுக்காது. மழை பெய்தால் விரிப்பை எடுத்து உலர்த்துங்கள். அடியில் ஈரம் நின்றால் மீண்டும் துருப் பிடிக்கும்.

கயிறு விளிம்பில் உரசினால் அறுந்துவிடும். அந்த இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள்.

இரவில் ஓரமாக நிற்கும் வண்டி பிறர் கண்ணுக்குத் தெரியாது. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை. இது உயிர் காக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அதிகச் சுமை ஏற்றுவதற்காக ஸ்பிரிங் பட்டை சேர்க்காதீர்கள். பட்டை தாங்கலாம், பிரேக்கும் டயரும் தாங்காது. 2019இல் திருத்திய சட்டப்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

எவ்வளவு ஏற்றலாம்? ஆர்.சி.யைப் படியுங்கள். அதிலுள்ள மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழியுங்கள். மீதியில் வண்டியில் ஏறும் ஆட்களின் எடையும் அடங்கும்.

பயிற்சி: மொத்த எடை 1,600 கிலோ. வெற்று எடை 850 கிலோ. மீதி எவ்வளவு?