பந்திக்கும் மேஜைக்கும்: ஹேவ்லாக் போகும் பேரனுக்கு

கண்ணு, ஹேவ்லாக் ரிசார்ட்டில் பரிமாறும் வேலை கிடைத்திருக்கிறது என்றாய். 2018-இல் அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நம் வாய்க்கு இன்னும் ஹேவ்லாக்தான். ரங்கத் பஜாரில் பரிமாறியே தலை நரைத்தவன் நான். சட்டையும் செருப்பும் உன் மாமன் வாங்கித் தருவான். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

1. முதலில் காத்திருக்கப் பழகு. ‘பந்திக்கு முந்து’ என்றது இடம் பிடிக்க. சோற்றை வாயில் போட அல்ல. பக்கத்து இலையில் சோறு விழும்வரை உன் கை மடியிலேயே இருக்கட்டும். வெள்ளைக்காரர் மேஜையிலும் இதே வழக்கம்தான்: எல்லார் தட்டும் வந்த பிறகே முள்கரண்டியை எடுப்பார்கள். பசி எல்லாருக்கும் ஒன்று, பொறுமைதான் ஆளுக்கு ஆள் வேறு.

2. ஸ்பாகெட்டியைக் கண்டு மிரளாதே. நம் பஜாரில் தின்று வளர்ந்தாயே சௌமீன், அதற்குத் தூரத்துச் சொந்தம். ஸ்பாகெட்டி கெட்டி கோதுமை ரவையில் செய்வது. கத்தியால் நறுக்காதே, இத்தாலிக்காரர் மனம் நோகும். தட்டின் ஓரத்தில் மூன்று நான்கு இழைகளை மட்டும் பிரித்தெடு. முள்கரண்டியின் நுனியைத் தட்டில் ஊன்றி, ஒரே பக்கமாகச் சுற்று. வாய்க்கு அடங்கும் உருண்டை ஆனதும் எடு. தட்டை உன்னிடம் இழுக்காமல், நீ கொஞ்சம் முன்னால் குனி. பத்து இழைகளை ஒரேயடியாக அள்ளினால் உருண்டை பெருத்துவிடும். பாதி வாயில், பாதி தாடையில் தொங்கும். பேராசை உடனே தெரிந்துவிடுகிற பண்டம் இது. ஓர் உருண்டை சரியாக வரவில்லையா, இழைகளை உதறிவிட்டு மறுபடி சுற்று. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. இன்னொன்று: மீன், இறால் போட்ட ஸ்பாகெட்டிக்கு அவர்கள் வழக்கமாகச் சீஸ் தூவுவதில்லை. விருந்தாளி கேட்டால் கொடு, நீயாகத் தூவாதே.

3. தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்காதே. இதை மட்டும் மறந்தாயானால் மற்றதெல்லாம் வீண். நான் வேலை பார்த்த கடையில் ஒருநாள் வெளிநாட்டு ஜோடி ஒன்று மீன்குழம்புச் சோற்றைக் கையால் சாப்பிட முயன்றது. குழம்பு முழங்கைவரை வழிந்தது. எடுபிடிப் பையன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். முதலாளி அவனைத் திட்டவில்லை. இரண்டு ஸ்பூனையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் கொண்டுபோய் ஓசையில்லாமல் வைத்துவிட்டு, அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கல்லாவுக்கு வந்துவிட்டார். பரிமாறுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சேலத்திலிருந்து வரும் ஒரு பெரியவர் ஸ்பாகெட்டியைக் கத்தியால் வெட்டினால் வெட்டட்டும். கூட ஸ்பூன் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடு. தெரியாமை எல்லா ஊரிலும் உண்டு: 1957 ஏப்ரல் முதல் தேதி, சுவிட்சர்லாந்தில் ஸ்பாகெட்டி மரத்தில் காய்ப்பதாக பிபிசி தொலைக்காட்சி விளையாட்டாகக் காட்டியது; அந்த மரத்தை வளர்ப்பது எப்படி என்று பிரிட்டிஷ்காரர்கள் பலர் கேட்டார்களாம். நேப்பிள்ஸ் தெருக்களில் ஒரு காலத்தில் ஏழைகள் மக்ரோனியைக் கையால் தூக்கி, தலையை அண்ணாந்து வாயில் இறக்கித்தான் தின்றார்கள். அதைப் படம்பிடித்துப் பயணிகளுக்கு விற்றவர்களும் உண்டு. கையால் தின்பவரைக் கேவலமாகப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை, கண்ணு.

4. வரிசை அறிந்து பரிமாறு. 1949 முதல் அந்தமானுக்கு அகதிகளாக வந்து குடியேறிய கிழக்கு வங்காளத்துக்காரர்கள் இல்லாமல் நம் ரங்கத் ஏது? தசரத்பூரிலோ சபரியிலோ அவர்கள் வீட்டு விருந்துக்குப் போனால் கவனி. முதலில் கசப்பு, பிறகு பருப்பு, காய்கறி, அதற்கப்புறம் மீன், கடைசியில் இனிப்புச் சட்னி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்தால் சமைத்தவளின் காலை நேரம் வீணாகிவிடும். நம் சாம்பார், ரசம், மோருக்கும் ஒரு வரிசை உண்டல்லவா? இத்தாலிக்காரருக்கும் அப்படித்தான்: பாஸ்தா முதலில் தனியே, மீனோ இறைச்சியோ அதன் பிறகு. அவசரப்பட்டு எல்லாத் தட்டையும் மேஜையில் அடுக்காதே.

5. எச்சில் கையைப் பொதுப் பாத்திரத்தில் வைக்காதே. இதை உனக்குச் சொல்லவே வேண்டாம். உன் பாட்டி கையில் அடி வாங்கியே வளர்ந்தவன் நீ.

6. உறிஞ்சும் சத்தத்துக்கு ஊருக்கு ஊர் நியாயம் உண்டு. ஜப்பானில் நூடுல்ஸை உறிஞ்சிச் சாப்பிட்டால் தப்பில்லை. இத்தாலியில் ஸ்பாகெட்டியை அப்படி உறிஞ்சினால் திரும்பிப் பார்ப்பார்கள். ரசத்தை உறிஞ்சாமல் குடிக்கிற தமிழனை நான் பெரிதாக நம்புவதில்லை. அது என் குணம், உனக்கு வேண்டாம். எந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறாயோ அதன் காதுக்கு ஏற்ப நட.

7. போனை மேஜையில் வைக்காதே. தட்டில் மிச்சம் வைக்காதே. சாப்பிட்டு முடிந்தால் நாம் இலையை நம் பக்கமாக மடிப்போம். அவர்கள் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைப்பார்கள். அந்தக் குறிப்பைப் பார்த்த பிறகுதான் தட்டை எடுக்க வேண்டும். மென்றுகொண்டிருப்பவரின் தட்டை எடுப்பது, எழுந்து போ என்று சொல்வதுதான்.

முதல் சம்பளம் வந்ததும் உன் அம்மாவைக் கப்பலேற்றிக் கூட்டிப்போய் ஒரு தட்டு ஸ்பாகெட்டி வாங்கிக் கொடு. அவள் கையால் அள்ளினால் தடுக்காதே. நீயும் முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே சாப்பிடு.